ராஜா வீட்டு விருந்தாளிகள்

வைஸ்ராய்க்காக மகாராஜா கட்டிய மைசூர் லலிதா மகால், அரை நூற்றாண்டாக ஓட்டல். காசு கொடுத்தால் யாரும் தங்கலாம். ஆனால் வாடகைக் காசு மட்டும் ஒரு மாளிகையைக் காப்பாற்றுமா?

மைசூரைச் சுற்றிப் பார்க்க வேன் பிடித்து வரும் தமிழ்நாட்டுக் குடும்பங்களின் பட்டியலில் நான்கு இடங்கள் நிச்சயம். அரண்மனை, மிருகக்காட்சி சாலை, சாமுண்டி மலை, பிருந்தாவன். மலையிலிருந்து இறங்கும்போது, கிழக்கே மேட்டு நிலத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கட்டடம் தெரியும். நடுவில் பெரிய கோபுரக் குடை. வெயில் சாய்ந்தால் வெள்ளை மெல்ல மஞ்சளாகும். “அது என்ன சர்ச்சா?” என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல் கேட்பது வழக்கம். டிரைவர் சிரித்துக்கொண்டே சொல்வார்: “இல்லீங்க, ஓட்டல்.”

கேட்டவர் மீது தவறில்லை. லண்டனின் செயின்ட் பால்ஸ் தேவாலயத்தின் கோபுரத்தை மனதில் வைத்து வரையப்பட்ட கட்டடம்தான் அது. ஆனால் அதன் பெயர் அம்பிகையின் பெயர். எதிரே மலையில் குடியிருப்பவள் சாமுண்டீஸ்வரி. கட்டியவர் உடையார் வம்சத்து மகாராஜா. கட்டியது ஆங்கிலேய வைஸ்ராய் வந்து தங்குவதற்காக. இப்போது அங்கே தங்குவதற்கு வைஸ்ராயாக இருக்க வேண்டியதில்லை. அறை வாடகை கட்ட முடிந்தால் போதும்.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டின் கதை இருக்கிறது.

விருந்தோம்பலும் அரசியலும்

1921 நவம்பர் 18. நாலாம் கிருஷ்ணராஜ உடையார் லலிதா மகாலுக்கு அடிக்கல் நாட்டினார். பம்பாயைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் ஈ. டபிள்யூ. பிரிட்ச்லி வரைபடம் தயாரித்தார். வேலை முடிய ஏறத்தாழ பத்தாண்டுகள் ஆயின.

மைசூரில் அரண்மனைக்கா பஞ்சம்? நகரின் நடுவே பெரிய அரண்மனை 1912-லேயே தயாராகிவிட்டது. 1897-ல் பழைய மர அரண்மனை தீயில் எரிந்த பிறகு, அதே இடத்தில் எழும்பியது அது. வடிவமைத்தவர் சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த பெயர்தான்: ஹென்றி இர்வின். எழும்பூர் ரயில் நிலையத்தின் வடிவமைப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு. சுமார் 41 லட்சம் ரூபாய் விழுங்கிய அந்த அரண்மனை இருக்கும்போது இன்னொரு மாளிகை எதற்கு?

மைசூரில் பரவலாகச் சொல்லப்படும் காரணம் சமையலறை சம்பந்தப்பட்டது. பெரிய அரண்மனையின் வளாகத்துக்குள்ளேயே கோயில்கள் இருக்கின்றன. நாள் தவறாமல் பூஜை, தசரா நாட்களில் ஆயுத பூஜை, தர்பார். அங்கே ஐரோப்பிய விருந்தாளிகளுக்கு மாட்டிறைச்சியும் மதுவும் பரிமாறுவது எப்படி? பரிமாறாமல் இருப்பதுதான் எப்படி? எனவே விருந்தாளிக்கு அவர் வழக்கப்படி ஒரு வீடு, நமக்கு நம் வழக்கப்படி ஒரு வீடு. மனக்கசப்பு இல்லாத ஏற்பாடு.

ஆனால் இது சாப்பாட்டு விஷயம் மட்டுமல்ல. மைசூர் அரச குடும்பத்துக்கு வைஸ்ராய் என்பவர் வெறும் விருந்தாளியாக இருக்க முடியாது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு, ஐந்து வயதுப் பையனாக இருந்த மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரை அரியணையில் அமர்த்தியவர்கள் ஆங்கிலேயர்கள். 1831-ல் ஆட்சி சரியில்லை என்று சொல்லி நிர்வாகத்தைப் பிடுங்கிக்கொண்டவர்களும் அவர்களே. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1881-ல்தான் ராஜ்ஜியம் திரும்பக் கிடைத்தது. அதுவும் நிபந்தனைகளோடு. ஆண்டுதோறும் கப்பம் வேறு. 1896-லிருந்து அந்தத் தொகை 35 லட்சம் ரூபாய். ஓர் ஆண்டுக் கப்பத்தைவிடச் சற்றே கூடுதலான பணத்தில் ஒரு பேரரண்மனையே கட்டி முடிந்தது என்றால், சுமையின் அளவைப் புரிந்துகொள்ளலாம்.

இப்படிப்பட்ட நிலையில், பீரங்கி மரியாதையில் 21 குண்டு பெறும் முதல் வரிசை சமஸ்தானம், தன்மீது அதிகாரம் செலுத்துபவரை எப்படி வரவேற்கும்? குறை சொல்ல இடமில்லாமல், அதே சமயம் தாழ்ந்தும் போகாமல் வரவேற்க வேண்டும். லலிதா மகால் அதற்கான பதில். “உங்கள் தலைநகரத்தில் இருப்பது போன்ற கோபுரத்தை எங்கள் ஊரிலும் எழுப்பத் தெரியும்” என்று சொல்லாமல் சொல்லும் கட்டடம். 1927-ல் வைஸ்ராய் இர்வின் பிரபு மைசூருக்கு வந்தபோது கப்பத்தில் பத்தரை லட்சம் ரூபாய் குறைக்கப்படும் என்று அறிவித்தார். மாளிகை அப்போது கட்டி முடிந்திருக்கவில்லை. ஆனாலும் உபசரிப்பும் ராஜதந்திரத்தின் ஒரு பகுதிதான் என்பது மைசூர் அரசவைக்குத் தெரிந்தே இருந்தது.

அதே ஆண்டுகளில் அதே மகாராஜா இன்னொன்றையும் கட்டிக்கொண்டிருந்தார் என்பது தமிழ் வாசகர்களுக்கு இங்கே நினைவு வராமல் போகாது. 1911-ல் தொடங்கிய கிருஷ்ணராஜ சாகர் அணை, அதாவது நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்லும் கண்ணம்பாடி அணை. காவிரிக்காக மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் 1924-ல் ஒப்பந்தம் கையெழுத்தானபோது, சாமுண்டி மலையடிவாரத்தில் லலிதா மகால் வேலையும் நடந்துகொண்டிருந்தது. அணை விவசாயிக்கு, மாளிகை வைஸ்ராய்க்கு.

உள்ளே நுழைந்தால்

இரட்டை இரட்டையாக நிற்கும் தூண்கள் தாங்கும் போர்ட்டிகோ. அதைத் தாண்டினால் வட்டமான நடுக்கூடம். தலைக்கு மேலே, வெளியிலிருந்து பார்த்த அந்தப் பெரிய கோபுரம். அங்கே நிற்பவர் தன்னையறியாமல் குரலைத் தாழ்த்திக்கொள்வார். தேவாலயத்தைப் பார்த்துக் கட்டியதன் பலன் இது.

இத்தாலியச் சலவைக்கல் படிக்கட்டு வளைந்து மேலே போகிறது. உடையார் மன்னர்களின் ஆளுயர ஓவியங்கள். சுவர்களில் திப்புவை நினைவூட்டும் சித்திர வேலைப்பாடுகள். திப்புவை வென்றவர்களின் வாரிசு வந்து தங்குவதற்காகக் கட்டிய இடத்தில் திப்பு! மைசூர் தன் சரித்திரத்தை எதையும் கழிக்காமல் அப்படியே சேர்த்து வைத்துக்கொள்ளும் ஊர்.

நடனக்கூடமாக இருந்ததுதான் இன்றைய உணவுக்கூடம். உயரமான வளைவுக் கூரையில் வண்ணக் கண்ணாடி வழியே வெளிச்சம் இறங்குகிறது. வெள்ளைக்காரச் சீமான்களும் சீமாட்டிகளும் கைகோத்து ஆடுவதற்காக அமைக்கப்பட்ட தரையில் இன்று மேஜைகள். தங்க வசதியில்லாதவர்களும் இங்கே வந்து ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போவது மைசூரில் பழைய வழக்கம். ராஜா வீட்டுக்குள் நுழையக் குறைந்த செலவில் ஒரு வழி.

மிகவும் பிரபலமானது இவை எதுவுமில்லை, பழைய லிஃப்ட். மரப்பலகை அடித்த அந்தக் காலத்துப் பெட்டி, உட்கார இருக்கை வேறு. அவசரக்காரர்கள் படியில் ஏறிப் போகலாம். லிஃப்டில் போவது மாடிக்குப் போவதற்காக அல்ல, 1930-களுக்குப் போவதற்காக. குழந்தைகள் இரண்டு மூன்று முறை ஏறி இறங்கிவிட்டுத்தான் ஓய்வார்கள்.

அறைகளின் கூரை உயரத்தைப் பார்த்து மலைக்கும் நகரவாசிகள், இரவில் வேறொன்றைக் கவனிப்பார்கள்: சத்தம். பழைய மாளிகை மௌனமாக இருக்காது. மரக் கதவு முனகும். தண்ணீர்க் குழாய் இருமும். புதிய நட்சத்திர ஓட்டலில் இருந்து நேராக வந்தவர் புகார் செய்வார். பாட்டி வீட்டில் வளர்ந்தவர் தூங்கிவிடுவார்.

மகாராஜாவிலிருந்து மேனேஜருக்கு

1947-க்குப் பிறகு வைஸ்ராய் இல்லை. 1950-க்குப் பிறகு ராஜ்ஜியமும் இல்லை. கடைசி மகாராஜா ஜெயசாமராஜ உடையார், ஆட்சி போன பிறகும் பதவிகளில் இருந்தார். 1964 முதல் 1966 வரை சென்னை மாநிலத்தின் ஆளுநராக கிண்டி ராஜ்பவனில் இருந்தவர் அவர்தான். கர்நாடக சங்கீத ரசிகர்களுக்கு அவர் கிருதிகள் இயற்றிய வாக்கேயக்காரர். 1971-ல் அரசியல் சட்டத்தின் 26-ஆவது திருத்தம் மன்னர் மானியத்தை ஒழித்தது. நாடு முழுவதும் அரண்மனைகளுக்கு ஒரே கேள்வி: கூரை ஒழுகினால் யார் பணம் கொடுப்பது?

சில ராஜாக்கள் முன்கூட்டியே விழித்துக்கொண்டார்கள். ஜெய்ப்பூரின் ராம்பாக் அரண்மனை 1957-லேயே ஓட்டலானது. உதய்ப்பூர் ஏரியின் நடுவே இருக்கும் மாளிகை 1963-ல் விருந்தினர்களை ஏற்றது. மைசூரில் அது அரசாங்கத்தின் வழியாக நடந்தது. 1966-ல் தொடங்கப்பட்ட இந்திய சுற்றுலா வளர்ச்சிக் கழகம், 1974-ல் லலிதா மகாலைத் தன் ‘அசோக்’ ஓட்டல் வரிசையில் சேர்த்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜெயசாமராஜ உடையார் காலமானார்.

அரண்மனையை அரசாங்கமே ஓட்டலாக நடத்துவது விசித்திரமல்ல. ஐரோப்பாவில் இதற்கு வெற்றிகரமான முன்னுதாரணம் உண்டு. ஸ்பெயின் அரசு 1928-ல் தொடங்கிய ‘பரடோர்’ விடுதிகளில் இன்று தொண்ணூற்றுக்கும் மேற்பட்டவை இயங்குகின்றன. அவற்றில் பல, பழைய கோட்டைகளும் துறவி மடங்களும்தான். பாழடைந்த கட்டடத்தைச் செப்பனிட்டு, அறைகளாக்கி, வரும் வருமானத்தில் அதையே பராமரிப்பது. சுற்றுலாவும் வளர்கிறது, சிறிய ஊர்களுக்கு வேலையும் கிடைக்கிறது.

லலிதா மகாலில் மத்திய அரசின் நிர்வாகம் நாற்பத்து நான்கு ஆண்டுகள் நீடித்தது. பின்னர், ஓட்டல் நடத்துவது அரசின் வேலையல்ல என்று டெல்லி முடிவு செய்தது. அசோக் வரிசை ஓட்டல்கள் ஒவ்வொன்றாகக் கைமாறின. 2018-ல் லலிதா மகால் கர்நாடக அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. மாநில அரசு அதை ஜங்கிள் லாட்ஜஸ் அண்ட் ரிசார்ட்ஸ் என்ற தன் நிறுவனத்திடம் கொடுத்தது. கபினிக் காட்டில் யானை பார்க்க வருபவர்களுக்கு விடுதி நடத்திப் பேரெடுத்த நிறுவனம் அது. யானை பார்க்கும் விருந்தாளிக்கும் வைஸ்ராய் கட்டிலில் படுக்க வரும் விருந்தாளிக்கும் எதிர்பார்ப்பு ஒன்றல்ல. முன்னவர் கரப்பான்பூச்சியை மன்னிப்பார். பின்னவர் தலையணை உறையில் சிறு கறையைக்கூட மன்னிக்க மாட்டார்.

வெள்ளையடித்தால் போதாது

பழைய மாளிகையை ஓட்டலாக நடத்துவதில் உள்ள சிக்கல் வெளியே தெரியாதது. அந்தக் காலக் கட்டடங்களின் செங்கல்லும் சுண்ணாம்பும் மூச்சு விடும். சுவருக்குள் இறங்கிய ஈரம் தானாக வெளியேறும். அவசரத்துக்குச் சிமெண்ட் பூசி அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். உப்பு பூத்து, பூச்சு பெயர்ந்து விழும். அதன்மேல் மறுபடியும் பெயிண்ட் அடித்தால் ஒரு மழைக்காலம் தாங்கும். சுண்ணாம்பைப் பதமாக அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கிடைத்தாலும், அரசு டெண்டரில் குறைந்த தொகை கேட்டவருக்குத்தான் வேலை போகும். குறைந்த தொகை கேட்டவருக்குச் சுண்ணாம்பு தெரிந்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

அதோடு, ஓட்டல் விருந்தாளிக்கு ஒவ்வொரு அறையிலும் குளியலறை வேண்டும், வெந்நீர் வேண்டும், ஏ.சி. வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சுவரில் ஒரு துளை. குழாய் ஒழுகினால் அது கீழ்த்தளத்தின் சித்திரக் கூரையில்தான் தெரியும். மாளிகையைக் காப்பாற்றும் விருந்தாளியே அதைத் தேய்ப்பவராகவும் இருக்கிறார்.

இதைச் சரியாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு மைசூரிலேயே உதாரணம் இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து அதிக தூரமில்லாத ஜான்சி லட்சுமிபாய் சாலையில் மெட்ரோபோல் ஓட்டல். இதுவும் 1920-ல் நாலாம் கிருஷ்ணராஜ உடையார் ஆங்கிலேய விருந்தாளிகளுக்காகக் கட்டியதுதான். லலிதா மகால் அளவுக்குப் பிரம்மாண்டம் இல்லை. திண்ணையும் முற்றமும் ஓட்டுக் கூரையுமாக, பெரிய மனிதரின் பங்களா போல இருக்கும். மூடிக் கிடந்த அதை ராயல் ஆர்கிட் நிறுவனம் செப்பனிட்டு 2004-ல் மீண்டும் திறந்தது. ஹைதராபாத்தின் ஃபலக்நுமா அரண்மனைக்குப் பழுதுபார்க்கவே சுமார் பத்தாண்டுகள் பிடித்தன. 2010-ல் தாஜ் குழுமம் அதைத் திறந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது.

தனியாரிடம் கொடுத்தால் பணம் வரும், பளபளப்பு வரும். கூடவே உயர்ந்த வாடகையும் உயர்ந்த மதில்சுவரும் வரும். உணவுக்கூடத்தில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு, லிஃப்டில் ஏறி இறங்கிவிட்டுப் போகும் நடுத்தரக் குடும்பத்துக்கு அப்போது இடம் இருக்குமா என்பது கேள்வி. அரசே நடத்தினால் கதவு திறந்திருக்கும்; ஆனால் கதவின் கீல் துருப்பிடித்திருக்கும். மைசூரின் இக்கட்டு இதுதான்.

விழுந்ததும் நின்றதும்

எதுவும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணத்தைத் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. மைசூரின் கடைத்தெரு நடுவே இருக்கும் லேன்ஸ்டௌன் கட்டடமும் வைஸ்ராய் சம்பந்தப்பட்டதுதான். 1892-ல் வைஸ்ராய் லேன்ஸ்டௌன் பிரபுவின் வருகையையொட்டி அவர் பெயரில் எழுந்தது. பின்னாளில் புத்தகக் கடைகளும் மற்ற கடைகளுமாக நிரம்பி வழிந்தது. அங்கே பழைய பாடப்புத்தகம் வாங்காத மைசூர் மாணவர்கள் குறைவு. 2012 ஆகஸ்ட் 25 அன்று அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. நான்கு பேர் உயிரிழந்தார்கள். 2016-ல் பக்கத்திலேயே தேவராஜ மார்க்கெட்டின் ஒரு பகுதி சரிந்தது. இரண்டையும் இடித்துக் கட்டுவதா, செப்பனிடுவதா என்ற விவாதம் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. நீதிமன்றம் வரை போனது.

லேன்ஸ்டௌன் கட்டடம் பூட்டிக் கிடந்ததல்ல. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் வந்துபோன இடம். பயன்படுத்தினால் போதும், பழைய கட்டடம் பிழைத்துவிடும் என்பவர்களுக்கு அது ஒரு பாடம். பயன்பாட்டிலிருந்து வரும் பணம் திரும்பக் கட்டடத்துக்கே போக வேண்டும். போகாவிட்டால் வைஸ்ராய் பெயரும் தாங்காது, மகாராஜா பெயரும் தாங்காது.

மைசூர்க்காரர்கள் இதைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்பது 2021-ல் தெரிந்தது. லலிதா மகாலை ஒட்டிய நிலத்தில் ஹெலிகாப்டர் சுற்றுலாவுக்காகத் தளம் அமைக்க மாநிலச் சுற்றுலாத் துறை திட்டம் போட்டது. அதற்காக 500-க்கும் மேற்பட்ட மரங்களை வெட்ட வேண்டியிருந்தது. நகரம் கொதித்தது. சூழல் ஆர்வலர்கள், மாணவர்கள், காலையில் அந்தப் பக்கம் நடக்கப் போகிறவர்கள் எல்லோரும் எதிர்த்தார்கள். ஆட்சேபங்கள் குவிந்தன. திட்டம் கைவிடப்பட்டது.

அந்த எதிர்ப்பில் கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் லலிதா மகாலில் ஓர் இரவுகூடத் தங்கியிராதவர்கள். ஆனாலும் அது தங்கள் ஊரின் வீடு, அதன் மரங்கள் தங்கள் ஊரின் மரங்கள் என்று நினைத்தார்கள். உரிமைப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பது அவர்களுக்கு இரண்டாம் பட்சம்.

மைசூர் ராஜாக்களின் சுவடு தமிழ்நாட்டிலும் உண்டு. ஊட்டியில் அவர்களின் கோடை வாசஸ்தலமாக இருந்த பெர்ன்ஹில் அரண்மனையும் பின்னாளில் ஓட்டலானது. செட்டிநாட்டில் பூட்டிக் கிடந்த வீடுகளில் சில, விருந்தினர் விடுதிகளாகிப் பிழைத்திருக்கின்றன. பல, தேக்குத் தூணும் கதவுமாகப் பிரிக்கப்பட்டு, காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் துண்டு துண்டாக விற்பனைக்கு வந்துவிட்டன. லலிதா மகாலின் கேள்வி அந்த வீடுகளின் கேள்வியும்தான்: அந்நியர் வந்து படுக்கட்டும் என்று கதவைத் திறப்பதா, கௌரவமாகப் பூட்டிவைத்து இடிந்து விழ விடுவதா?

2022 நவம்பரில் சென்னையிலிருந்து மைசூருக்கு வந்தே பாரத் ரயில் ஓடத் தொடங்கியது. காலையில் ஏறினால் மதிய உணவு நேரத்தில் மைசூர். கூட்டம் கூடியிருக்கிறது, இனியும் கூடும். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பெரிய அரண்மனையில் ஏறத்தாழ ஒரு லட்சம் விளக்குகள் ஒரே நொடியில் எரியும்போது கூட்டம் ஆரவாரம் செய்யும். லலிதா மகாலுக்கு அத்தனை விளக்கு இல்லை. சாமுண்டி மலையின் நிழலில் அது தனியாக நிற்கிறது.

தமிழ்நாட்டு வேன் ஒன்று கேட்டுக்கு முன் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா மெனு கார்டின் விலை பற்றி யோசிப்பார். அம்மா, “வந்தது வந்தோம், காபியாவது குடிச்சிட்டுப் போகலாம்” என்பார். குழந்தைகள் அதற்குள் லிஃப்டைக் கண்டுபிடித்திருப்பார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த வீட்டின் வாசலில் அவர்களை யாரும் நிறுத்தியிருப்பார்கள். இன்று அவர்கள் குடிக்கும் காபியின் காசில் ஒரு பங்கு கூரைச் சுண்ணாம்புக்குப் போய்ச் சேர்ந்தால், வைஸ்ராயைவிட மரியாதைக்குரிய விருந்தாளிகள் அவர்கள்தான்.